ஒன்றா, இரண்டா? – காட்டு ஓர்க்கிட்டுகளை மலரால் அறிந்த வரலாறு

முன்னுரை

ஒரு பொருளை அதனோடு ஒத்த பிற பொருள்களினின்றும் பிரித்தறிதற்குக் கருவியாவது இலக்கணம். அவ்விலக்கணத்துக்கு மூன்று குற்றங்கள் நேரலாம் எனத் தருக்க நூலார் கூறுவர். கூறிய அடையாளம் அப்பொருளின் ஒரு பகுதியிற் காணப்படாதொழியின் அது அவ்வியாத்தி. புறம்பான பொருள்களிலுங் காணப்படின் அது அதிவியாத்தி. அப்பொருளில் எங்குமே காணப்படாதாயின் அது அசம்பவம். பசுவுக்குக் கபில நிறத்தை இலக்கணமாகக் கூறுவது அவ்வியாத்தி. கொம்புடைமையைக் கூறுவது அதிவியாத்தி. ஒற்றைக் குளம்புடைமையைக் கூறுவது அசம்பவம். தருக்கம் பயிலும் மாணவர் யாவரும் அறிந்த உதாரணங்கள் இவை.

இப்பாடம் ஏட்டளவில் நின்றுவிடுவதொன்றன்று. இயற்கைப் பொருள்களை வகைப்படுத்தப் புகுந்த அறிஞர் ஒவ்வொருவரும் இம்மூன்று குற்றங்களோடும் போராட வேண்டியவராயினர். அப்போராட்டத்தைத் தெளிவாகக் காட்டவல்ல வரலாறுகளுள் ஒன்று ஓர்க்கிட் செடிகளின் வரலாறாகும். பூக்குந் தாவரக் குடும்பங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகிய இக்குடும்பத்திலே ஏறக்குறைய 28,000 இனங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றுட் பல ஒன்றையொன்று ஒத்திருப்பன. ஒத்த இரு செடிகளைக் கண்டவிடத்து, இவை ஓரினமா, ஈரினமா என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு எவ்வுறுப்பைக் கொண்டு விடை காண்பது என்பதில் அறிஞர் கொண்ட கருத்து, காலந்தோறும் மாறி வந்தது. அம்மாற்றத்தின் வரலாற்றை, பெரும்பாலும் ஐரோப்பியக் காட்டு ஓர்க்கிட்டுகளைக் கொண்டும், இறுதியில் இலங்கைக்கு அதனோடுள்ள தொடர்பைக் கொண்டும், இக்கட்டுரையில் ஆராய்வாம்.

கிழங்கு தந்த பெயர்

ஓர்க்கிட் என்பது ஒரு காரணப் பெயர். அக்காரணம் மலரினின்றும் பிறந்ததன்று. நிலத்தின் கீழ் மறைந்திருக்குங் கிழங்கினின்றும் பிறந்தது. கிரேக்க மொழியில் ஓர்க்கிஸ் என்பது ஆணின் விதையைக் குறிக்குஞ் சொல். அரிஸ்டாட்டிலின் மாணாக்கரும், தாவர நூலின் தந்தை எனப் போற்றப்படுபவருமான தியோபிராஸ்டஸ் இச்சொல்லைச் செடியின் பெயராக வழங்கியுள்ளார். ஐரோப்பாவிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் தரையில் வளரும் ஓர்க்கிட்டுகள் பலவற்றுக்கு இரட்டைக் கிழங்குகள் உண்டு. அவற்றுளொன்று சுருங்கியும் மற்றொன்று பருத்துமிருக்கும். சுருங்கியது இவ்வாண்டின் தண்டுக்கும் பூவுக்கும் உணவளித்து ஓய்ந்த கிழங்கு. பருத்தது அடுத்த ஆண்டுக்கென உணவைச் சேமித்து வைக்குங் கிழங்கு.

இவ்வுண்மையை அறியாத பண்டைக் காலத்தவர் கிழங்கின் வடிவத்தையே அதன் குணத்துக்குச் சான்றாகக் கொண்டனர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவரான டயோஸ்கோரிடீஸ், பருத்த கிழங்கை ஆடவர் உண்டால் ஆண் மகவும், சிறிய கிழங்கைப் பெண்டிர் உண்டாற் பெண் மகவும் பிறக்குமென்ற நம்பிக்கையைத் தம் மருந்து நூலிற் குறித்து வைத்தார். அந்நூல் ஐரோப்பிய மருத்துவருக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆதார நூலாய் விளங்கியமையின், ஓர்க்கிட் என்றதும் கிழங்கையே நினைக்கும் வழக்கமும் நெடுங்காலம் நிலைத்தது.

கிழங்கை அடையாளமாகக் கொள்வதன் குறை யாதெனின், அது முன் கூறிய குற்றங்களுள் இரண்டுக்கும் இடமாகின்றது என்பதே. மரங்களிற் பற்றி வளரும் வெப்பவலய ஓர்க்கிட்டுகளுக்கு இத்தகைய கிழங்கு கிடையாது. ஆதலின் குடும்பம் முழுவதற்கும் அதனை இலக்கணமாகக் கூறுதல் அவ்வியாத்தியாகும். ஓரினத்துக்கு இலக்கணமாகக் கூறின், அதே கிழங்கு பல இனங்களுக்கும் உண்மையால் அதிவியாத்தியாகும். இவற்றினும் பெரிய கேடு ஒன்றுமுண்டு. கிழங்கைக் காண வேண்டின் செடியை அகழவேண்டும். அகழ்ந்த செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. உணவுக்கும் மருந்துக்குமாகக் கிழங்கை அகழும் வழக்கம் இன்றும் ஒழிந்திலது. துருக்கி நாட்டிலே சலெப் எனப்படும் பானத்துக்காகக் காட்டு ஓர்க்கிட்டுகளின் கிழங்குகள் அகழப்பட்டு வருகின்றன.

மலரின் அமைப்பு

ஓர்க்கிட் மலர் முதற் பார்வைக்கு விசித்திரமானதெனத் தோன்றினும், அதன் அமைப்பு எளிதில் விளங்கக் கூடியதே. வெளிவட்டத்திற் புல்லிகள் மூன்று; உள்வட்டத்தில் அல்லிகள் மூன்று. அல்லிகளுள் ஒன்று மட்டும் ஏனைய இரண்டினும் வேறுபட்டு, அகன்றோ, பிளவுபட்டோ, பை போன்றோ, உரோமமுடையதாகவோ அமைந்திருக்கும். அதனை உதடு என்பர். பல இனங்களில் உதட்டின் அடி பின்னோக்கி நீண்டு, நுனி மூடிய குழாயாக முடியும். தேன் தங்குவது அக்குழாயிலாதலின் அதனை ஈண்டுத் தேன்குழாய் என வழங்குவாம். அரும்பில் மேற்புறமாக இருக்கும் உதடு, மலரும்போது பூக்காம்போ சூலகமோ அரைவட்டமாகத் திருகிக்கொள்வதாற் கீழ்ப்புறம் வந்து, பூச்சிகளுக்கு இறங்குதுறையாகின்றது.

பிற மலர்களிற் கேசரங்கள் வேறாகவும், தம்பமும் குறியும் வேறாகவும் இருத்தல் இயல்பு. ஓர்க்கிட்டிலோ இவ்விரண்டும் ஒன்றாய் இணைந்து, மலரின் நடுவிலே குறுந் தூண் போல நிற்கின்றன. மகரந்தமும் தூளாக உதிர்வதில்லை. அது திரண்டு கட்டியாகி, ஐரோப்பிய ஓர்க்கிட்டுகள் பலவற்றில் ஒவ்வொரு மகரந்தக் கட்டிக்கும் ஒரு காம்பும், காம்பின் அடியில் ஒரு பசைத்தட்டும் உடையதாய் அமைந்திருக்கும். தேனுண்ண வரும் பூச்சியின் தலையிலோ உறிஞ்சு குழலிலோ பசைத்தட்டு ஒட்டிக்கொள்ள, மகரந்தக் கட்டி முழுவதும் பெயர்ந்து அப்பூச்சியுடன் செல்லும்.

இவ்வமைப்பை அறிஞர் உடனே தெளிந்தாரல்லர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தாவர இனங்கள்’ என்னும் நூலில், இரு மகரந்தக் கட்டிகளையும் இரு கேசரங்களெனக் கொண்டு ஓர்க்கிட்டுகளை வகுத்தார். அவருக்குப்பின் அந்நாட்டவரான ஓலொப் சுவாட்ஸ், பெரும்பாலான ஓர்க்கிட்டுகளுக்கு உள்ள கேசரம் ஒன்றே என்பதை 1800ஆம் ஆண்டிற் காட்டினார். ஸ்கொத்துலாந்து அறிஞரான ரொபேட் பிறவுண் 1831ஆம் ஆண்டில் இலண்டன் லின்னேயக் கழகத்திற் படித்த கட்டுரையில் ஓர்க்கிட்டுகளின் மகரந்தச் சேர்க்கையை விரித்துரைத்தார். தாவரக் கலங்களிற் காணப்படும் உருண்டையான உறுப்புக்குக் கரு என்னும் பெயரை அவர் இட்டதும் அவ்வாராய்ச்சியிலேதான். இவ்வாறு நிலத்தின் கீழிருந்த கவனம் மலருக்கும், மலரின் வெளியிதழினின்றும் அதன் நடுத்தூணுக்கும் படிப்படியாக உயர்ந்து சென்றது.

நிறமும் வடிவமும்

லின்னேயஸ் தம் நூலில் ஓர்க்கிட்டுகளை எட்டுச் சாதிகளில் அடக்கினார். நிறம், மணம், பருமை ஆகியவற்றைக் கொண்டு இனம் பிரித்தலாகாது என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. நிறம் எளிதில் மாறுவதொன்றாதலின் அக்கொள்கை பொதுவாக ஏற்புடையதே. ஆயினும் வேற்றுமையை ஐயுறுவது போலவே ஒற்றுமையையும் ஐயுறல் வேண்டும். பூச்சிகளைப் போலத் தோற்றும் உதட்டையுடைய ஓப்ரிஸ் செடிகளைப் பொறுத்தவரையில், ஈயைப் போன்றது, தேனீயைப் போன்றது, சிலந்தியைப் போன்றது எனப் பலவாறாக வேறுபட்டவற்றையெல்லாம் ஓரினத்தின் பேதங்களாகவே அவர் எண்ணி, ஓப்ரிஸ் இன்செக்டிபெரா என்னும் ஒரே பெயரின் கீழ் அடக்கிவிட்டார். 1762ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் வில்லியம் ஹட்சன் தேனீ ஓர்க்கிட்டைத் தனியினமாகப் பிரித்தார். 1768ஆம் ஆண்டில் பிலிப் மில்லர் சிலந்தி ஓர்க்கிட்டுக்குத் தனிப்பெயரிட்டார்.

இச்செடிகளைப் பிரித்தறியும் முறையை நோக்குவாம். இங்கிலாந்தில் இச்சாதியில் நான்கு இனங்கள் உண்டு. ஈ ஓர்க்கிட்டின் உதடு ஒடுங்கி நீண்டது. நடுவில் நீலச்சாயலான பளபளப்புத் திட்டுடையது. மற்றை இரு அல்லிகளும் பூச்சியின் உணர்கொம்பு போல மெலிந்தவை. முந்திப் பூக்குஞ் சிலந்தி ஓர்க்கிட்டின் புல்லிகள் பச்சை நிறத்தன. எஞ்சிய இரண்டுமே மயக்கந் தருவன. தேனீ ஓர்க்கிட்டுக்கும் பிந்திப் பூக்குஞ் சிலந்தி ஓர்க்கிட்டுக்கும் புல்லிகள் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருத்தலின், அந்நிறம் இரண்டுக்கும் பொதுவாகி அதிவியாத்தியாகின்றது. தேனீ ஓர்க்கிட்டிலேயே வெண்புல்லியுடைய செடிகளுந் தோன்றுதலின் அதுவே அவ்வியாத்தியுமாகின்றது. மயக்கந் தீர்ப்பது உதட்டின் நுனியிலுள்ள சிறு நாக்குப் போன்ற உறுப்பே. தேனீ ஓர்க்கிட்டில் அது பின்புறமாக மடிந்து உதட்டின் கீழ் மறைந்திருக்கும். மற்றையதில் அது முன்னோக்கி மேலெழுந்து நிற்கும். பெரிய இதழின் நிறம் தராத விடையைச் சிறிய நுனியின் வளைவு தருகின்றது.

பூச்சியைப் போன்ற இவ்வுதடு எதற்காக அமைந்தது என்பது நெடுநாள் விளங்காதிருந்தது. வேறு பூச்சிகளை அச்சுறுத்தி விலக்குதற்காகலாம் எனப் பிறவுண் கருதினார். 1916ஆம் ஆண்டில், அல்ஜீரியாவில் நீதிபதியாகப் பணியாற்றிய பிரெஞ்சுக்காரரான புயான் என்பார் தம் நெடுநாள் அவதானத்தின் பயனை வெளியிட்டார். ஓப்ரிஸ் மலரொன்றின் உதட்டைத் தன்னினப் பெண் என மயங்கி ஆண் குளவி வந்தமர்கின்றது என்பதும், அம்மயக்கத்தின் விளைவாகவே மகரந்தம் இடம் பெயர்கின்றது என்பதும் அவர் கண்ட உண்மைகள். அதன்பின் உதட்டின் வடிவம், உரோமம், பளபளப்பு ஆகியன வெறும் அலங்காரமாக எண்ணப்படவில்லை. மலரின் உறுப்பு ஒவ்வொன்றும் ஒரு தொழிலைச் செய்கின்றது என்னும் எண்ணம் உறுதி பெற்றது.

இரு வெண்மலர்கள்

இவ்வெண்ணத்தின் வலிமையை முதன்முதல் உலகுக்கு உணர்த்தியவர் சார்ள்ஸ் டார்வின். இனங்களின் தோற்றம் பற்றிய பெருநூலை 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட அவர், மூன்றாண்டுகள் கழித்து, 1862ஆம் ஆண்டில், ஓர்க்கிட்டுகளிற் பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை நிகழும் முறையைத் தனி நூலாக எழுதினார். அந்நூலில் ஆராயப்பட்ட பல செடிகளுள், நம் வினாவுக்கு நேரே விடையளிப்பன வண்ணத்துப்பூச்சி ஓர்க்கிட்டுகள் எனப்படும் இரண்டாகும்.

இவ்விரண்டும் ஐரோப்பாவின் காடுகளிலும் புற்றரைகளிலும் வளர்வன. இரண்டுக்கும் அடியில் அகன்ற இலைகள் இரண்டு. இரண்டின் மலர்களும் பசுமை கலந்த வெண்ணிறத்தன. இரண்டுக்கும் நீண்ட தேன்குழாய் உண்டு. இரண்டும் இரவில் மணம் மிகுந்து அந்துப்பூச்சிகளை அழைப்பன. லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் ஓர்க்கிஸ் பைபோலியா என்னும் ஒரே பெயரை இட்டார். ஈரிலையுடையது என்பது அதன் பொருள். 1827ஆம் ஆண்டிலே கஸ்டர் என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் அவற்றுளொன்றைக் குளோராந்தா, அஃதாவது பச்சைப்பூவுடையது, எனப் பிரித்துப் பெயரிட்டார். இன்று அவை முறையே பிளாட்டாந்தரா பைபோலியா எனவும் பிளாட்டாந்தரா குளோராந்தா எனவும் வழங்கும். முன்னையதைச் சிறியதெனவும் பின்னையதைப் பெரியதெனவும் இங்கே குறிப்போம்.

பெயர்கள் இரண்டாயினும் கருத்து ஒன்றாகவில்லை. ஆங்கிலத் தாவர அறிஞருள் தலைசிறந்தவரான ஜோர்ஜ் பெந்தம், பிரித்தானியத் தாவரங்களைப் பற்றி 1858ஆம் ஆண்டிற் கைந்நூல் வெளியிட்டவர். அவரும் வேறு சிலரும் இவ்விரண்டையும் ஓரினத்தின் பேதங்களாகவே மதித்தனர். இடைப்பட்ட வடிவங்களும் காணப்படுகின்றன என்பது அவர் தரப்புக்கு ஆதாரமாயிருந்தது. அக்கருத்து எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. இலை ஈரினத்துக்கும் ஒன்று. நிறம் ஏறக்குறைய ஒன்று. பருமையோ நிலவளத்தால் மாறுவது. ஆகவே கண்ணுக்கு முன் தோன்றும் அடையாளங்கள் யாவும் தருக்கத்தின் முன் தோற்றுப் போவனவே.

டார்வின் நோக்கியது மலரின் நடுத்தூணை. சிறியதில் இரு மகரந்தக் கட்டிகளும் ஒன்றுக்கொன்று நேர்ச்சமாந்தரமாக, மிக நெருங்கி நிற்கின்றன; அவற்றின் பசைத்தட்டுகளுக்கு இடையிலுள்ள தூரம் ஒரு மில்லிமீற்றர் அளவினதே. பெரியதிலோ அவை மேலே நெருங்கிக் கீழே விலகி, கூரையின் இரு சரிவுகளைப் போலச் சாய்ந்து நிற்கின்றன. பசைத்தட்டுகளின் இடைத்தூரம் மூன்று நான்கு மில்லிமீற்றர் ஆகும். உருப்பெருக்கியின்றியும், செடியைத் தொடாமலும், மலரை நேர்முகமாக நோக்குவார் எவருங் காணத்தக்க வேற்றுமை இது.

இவ்வேற்றுமை மிகச் சிறிதன்றோ, இதனைக் கொண்டு ஈரினமெனல் தகுமோ எனின், அதற்கு விடையாக டார்வின் மலரை விட்டுப் பூச்சியை நோக்குகின்றார். அந்துப்பூச்சி பெரியதன் தேன்குழாயினுள் உறிஞ்சு குழலைச் செலுத்தும்போது, அகன்று நிற்கும் பசைத்தட்டுகள் அதன் தலையின் இருபுறமும் வந்து பொருந்துகின்றன. மகரந்தக் கட்டி அதன் கண்ணில் ஒட்டிக்கொள்கின்றது. கண்ணில் மகரந்தக் கட்டி ஒட்டிய அந்துப்பூச்சிகளை ஒருவர் அனுப்பி வைக்க, டார்வின் அவற்றை நேரிற் கண்டு இதனை உறுதிப்படுத்தினார். சிறியதிலே பசைத்தட்டுகள் நெருங்கியிருத்தலின் அவை பூச்சியின் கண்ணை எட்டுவதில்லை. உறிஞ்சு குழலின் அடிப்பகுதியிலே ஒட்டுகின்றன. கண்ணில் ஒட்டிய மகரந்தம் சிறியதன் ஒடுங்கிய நடுப்பகுதியிலுள்ள குறியைச் சேர்தல் அரிது. உறிஞ்சு குழலில் ஒட்டியதும் பெரியதிலே அவ்வாறே வழிதவறும். ஒரே காட்டில், ஒரே இரவில், ஒரே வகைப் பூச்சி இரண்டையும் நாடினும், இரண்டின் மகரந்தமும் பெரும்பாலுங் கலவாது நிற்பதற்கு இச்சிறு இடைவெளியே காரணமாகின்றது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பேதத்துக்கும் இனத்துக்கும் இடையே இயற்கை அழியாத கோடு எதனையும் இட்டிலது என்று மூன்றாண்டுகளின் முன் வாதித்தவர் டார்வினே. பேதங்களே இனங்களாக வளர்கின்றன என்பதே அவர் கொள்கை. அக்கொள்கைக்கு, இவ்விரண்டும் ஒன்றினின்றொன்று படிப்படியாக மாறுவன என்று கூறுதல் மிகவும் வாய்ப்பானதாயிருந்திருக்கும். அவர் அவ்வாறு கூறவில்லை. கலப்பினாலன்றி இவை ஒன்றிலொன்று தொடர்ச்சியாக மாறுவதை எவரேனும் மெய்ப்பிப்பின் தாம் வியப்பதோடு மகிழ்ச்சியும் அடைவதாகவும், ஆயினும் கண்ட அளவில் இவை இரண்டே எனவும் எழுதினார். தம் கருத்தை எச்சான்று மாற்றும் என்பதைத் தாமே முன்கூட்டி உரைத்த அந்நேர்மை, வரலாறு பயிலும் மாணவருக்கும் இன்றியமையாத பண்பாகும்.

பின்வந்த ஆராய்ச்சி டார்வினின் தீர்ப்பை வலியுறுத்தியது. சுவீடனைச் சேர்ந்த நில்சன் என்னும் அறிஞர் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, இவ்விரு செடிகளும் கலவாது பிரிந்து நிற்கும் முறையையும், சிறுபான்மை கலக்கும் முறையையும் விரிவாக ஆராய்ந்தார். இரண்டும் அருகருகே வளருமிடங்களிற் கலப்புச் செடிகள் தோன்றுவதுண்டு. அவற்றின் தூண் இடைப்பட்ட அகலமுடையது. பெந்தம் முதலியோர் குறித்த இடைப்பட்ட வடிவங்களும் பொய்யல்ல. அவற்றிற்குக் கொடுத்த பொருளே பொருந்தாதாயிற்று.

மலரும் நிறமூர்த்தமும்

மலரின் நுண்ணிய வேற்றுமை உடலின் உள்வேற்றுமைக்கு அறிகுறியாக அமைந்ததற்கு மற்றொரு சான்றும் உண்டு. புள்ளியிட்ட இலைகளையுடைய ஐரோப்பிய ஓர்க்கிட்டுகளுக்கு லின்னேயஸ் இட்ட பெயர் ஓர்க்கிஸ் மகுலாட்டா. புள்ளியுடையது என்பது பொருள். 1915ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் துரூஸ் அவற்றுள் ஒருசாரனவற்றைப் பூக்ஸை எனத் தனியினமாக்கினார். இரண்டுக்கும் இலையிற் புள்ளியுண்டு. இரண்டின் மலரும் வெண்மை முதல் ஊதா வரை பல நிறங்களில் வருவன. உதட்டை நோக்கின் வேற்றுமை புலனாகும். பூக்ஸையின் உதடு மூன்றாக ஆழப் பிளவுபட்டு, நடுப்பிளவு பக்கப் பிளவுகளோடு ஒத்தோ நீண்டோ இருக்கும். மகுலாட்டாவின் உதடு அகன்று, பிளவு ஆழமின்றி, நடுப்பிளவு சிறு பல்லைப் போலத் தோன்றும். பின்னர்க் கலங்களை ஆராய்ந்தபோது, பூக்ஸையின் நிறமூர்த்தங்கள் 40 எனவும் மகுலாட்டாவின் நிறமூர்த்தங்கள் 80 எனவும் தெரியவந்தது. முன்னது சுண்ணாம்பு நிலத்தை விரும்புவது; பின்னது அமிலத் தன்மையுள்ள நிலத்தை விரும்புவது.

எனினும் மலரே யாவற்றையும் தீர்த்துவிடும் என எண்ணுதலும் தவறாகும். இப்புள்ளி ஓர்க்கிட்டுகளும் அவற்றின் உறவினங்களும் தம்முட் பெரிதும் கலப்பன. ஒரு மலரை மட்டும் நோக்கித் தீர்ப்புக் கூறுவார் இடர்ப்படுவர். இவை இன்று அடங்கும் சாதியின் பெயராகிய டக்டிலோரைசா என்பதற்கு விரல்வேர் என்பது பொருள். கைவிரல்கள் போலப் பிளவுபட்ட கிழங்கே அதற்குக் காரணம். சாதியை அறிதற்குக் கிழங்கும், இனத்தை அறிதற்கு மலரும் உதவுகின்றன.

அண்மைக் காலத்தில் டி.என்.ஏ. ஆராய்ச்சி புதியதொரு சான்றாக வந்து சேர்ந்தது. வண்ணத்துப்பூச்சி ஓர்க்கிட்டுகள் பற்றி 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, மலரமைப்பில் இத்துணை வேறுபட்ட அவ்விரண்டும் டி.என்.ஏ.யின் அளவில் மிகச் சிறிதே வேறுபடுகின்றன எனக் காட்டியது. அவை பிரிந்து நெடுங்காலமாகவில்லை என்பதே அதனாற் பெறப்படுவது. ஆகவே ஒன்றா, இரண்டா என்ற வினாவுக்கு, அண்மையில் ஒன்றாயிருந்து இன்று இரண்டாயின எனப் பொருத்தமான விடை கூறலாம். பேதங்கள் இனங்களாக வளர்கின்றன என்ற டார்வினின் பெருங்கொள்கையும், இவை இரண்டே என்ற அவரது சிறு தீர்ப்பும் இவ்விடையில் ஒருங்கே இடம்பெறுகின்றன.

இலங்கைத் தொடர்பு

இவ்வரலாறு இலங்கையோடு தொடர்பற்றதன்று. ஒல்லாந்தக் கம்பெனியின் மருத்துவராக 1672ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த பால் ஹேர்மன், இங்கு திரட்டி உலர்த்திய செடிகள் பின்னர் லின்னேயசின் கைக்கு எட்டின. அவற்றைக் கொண்டு அவர் 1747ஆம் ஆண்டில் இலங்கைத் தாவர நூலை எழுதினார். வெப்பவலய நாடுகளில் மரங்களிற் பற்றி வளரும் ஓர்க்கிட்டுகளையோ அவர் எப்பிடெண்ட்ரம், அஃதாவது மரத்தின்மேல் வாழ்வது, என்னும் ஒரே சாதியில் அடக்கினார். வாழுமிடத்தை இலக்கணமாகக் கொண்ட அப்பெயரும் நிலைக்கவில்லை. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மஞ்சள் மலருடைய ஓரினம் 1753ஆம் ஆண்டில் அச்சாதியில் இடம்பெற்று, பின்னர் வாண்டா என்னுஞ் சாதிக்கு மாறி, 1992ஆம் ஆண்டிலே தப்ரபேனியா என்னும் தனிச்சாதியாயிற்று. தப்ரபேன் என்பது கிரேக்கர் நம் தீவுக்கு வழங்கிய பெயர் என்பதை வரலாற்று மாணவர் அறிவர்.

பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி டிரைமன் 1893ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல், அவர் 1896ஆம் ஆண்டில் இறந்தமையால் இடையில் நின்றது. எஞ்சிய பகுதிகளை எழுதி 1900ஆம் ஆண்டில் நிறைவு செய்தவர் ஜோசப் ஹூக்கர். டார்வினின் உற்ற நண்பரும், பெந்தத்தோடு சேர்ந்து உலகத் தாவரச் சாதிகளைப் பற்றிப் பெருநூல் இயற்றியவரும் அவரே. ஒன்றா, இரண்டா என மாறுபட்ட இரு பேரறிஞருக்கும் துணையாயிருந்தவரின் கையாலேயே இலங்கை ஓர்க்கிட்டுகளின் விவரணமும் அக்கைந்நூலில் எழுதப்பட்டது.

இலங்கையில் ஏறக்குறைய 190 ஓர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றுட் பல வேறெந்நாட்டிலுங் காணப்படாதன. மலைநாட்டுப் புற்றரைகளில் மஞ்சள் நிறமாகப் பூக்கும் இப்சியா ஸ்பெசியோசா என்பது அத்தகையது. சிங்கள மக்கள் அதனை நாகமாறு அல என்பர். அதன் கிழங்குக்கு வசியஞ் செய்யும் ஆற்றலும் காமத்தைப் பெருக்கும் ஆற்றலும் உண்டென்ற நம்பிக்கையால் அது அகழப்பட்டு அருகி வருகின்றது. டயோஸ்கோரிடீஸ் காலத்து நம்பிக்கை, தொடர்பேதுமின்றியே நம் மலைநாட்டிலும் முளைத்திருப்பதை நோக்குமிடத்து, கிழங்கினின்றும் மலருக்கு உயர்ந்த அறிவு நூலளவில் நின்றுவிட்டதோ என்ற ஐயம் எழுகின்றது.

முடிவுரை

இனம் பிரித்தல் ஏட்டறிவுக்கு மட்டும் உரியதன்று. ஈரினங்களை ஒன்றென எண்ணியிருப்போமாயின், அவற்றுளொன்று அற்றுப் போனாலும் நாம் அறியமாட்டோம். மற்றது எஞ்சியிருப்பது கண்டு யாவும் நலமென மயங்கியிருப்போம். பெயரில்லாத பொருளைச் சட்டமும் காத்தல் அரிது. எனவே சரியான அடையாளத்தைக் காணுதல் காத்தலின் முதற்படியாகும்.

நம் மாணவர் காட்டுக்கோ மலைக்கோ செல்லுமிடத்து ஓர்க்கிட் ஒன்றைக் காண்பாராயின், அதனைப் பறித்தலும் அகழ்தலும் வேண்டா. நின்ற இடத்திலேயே உதட்டின் பிளவையும் நுனியையும், தேன்குழாயின் நீளத்தையும் வளைவையும், தூணில் மகரந்தக் கட்டிகள் நிற்கும் நிலையையும் நோக்கிக் குறித்துக்கொள்க. ஒரு மலரோடு நில்லாது பல மலர்களையும், ஒரு செடியோடு நில்லாது பல செடிகளையும் ஒப்பு நோக்குக. வந்தமரும் பூச்சியைப் பொறுமையோடு காத்திருந்து காண்க. முதலிற் கண்ணைக் கவரும் நிறத்தினும், செடியின் வாழ்வில் ஒரு தொழிலைச் செய்யும் சிறு உறுப்பே நம்பத்தக்க அடையாளமாகும் என்பதும், மாறான சான்று வருமாயின் கருத்தை மாற்றிக்கொள்ள ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பதும் இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடங்களாகும்.